வாசகர் கேள்வி – பதில்: கைபேசி இருக்கும்போது கணிதம் எதற்கு?

பொதுத்தேர்வு முடிவுகளும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் அடுத்தடுத்து வரும் பருவம் இது. குமரி மாவட்டத்திலிருந்து வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை கணிதத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே வேறு பொருள்கள் குறித்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் கணிதத்துக்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். பாடநூலில் உள்ள எந்தக் கணக்கைக் கைபேசியில் படம் எடுத்தாலும், விடையோடு செய்முறையும் வரிவரியாக வந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் விளக்கமும் கிடைக்கிறது. அப்படியிருக்க, முக்கோணவியலையும் நுண்கணிதத்தையும் நாங்கள் ஏன் இன்னும் நோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும், ஐயா?
– மாணவர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, உங்கள் கேள்வி நேர்மையானது. "தேர்வு அறைக்குள் கைபேசியை விடமாட்டார்கள்" என்று சொல்லி அதைத் தட்டிக்கழிப்பது உங்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

கைபேசி தீர்த்துத் தருவது, வேறொருவர் ஏற்கெனவே கணக்காக எழுதி அச்சிட்டு வைத்திருப்பதைத்தான். வீட்டிலும் தொழிலிலும் வரும் கணக்குகளை அப்படி எவரும் எழுதி வைப்பதில்லை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. இருந்தும் கோடையில் கிணறு வற்றிப்போகும் வீடுகள் இருக்கின்றன. மாடியில் விழும் மழைநீரைச் சேமிக்க எவ்வளவு பெரிய தொட்டி கட்டலாம் என்று உங்கள் அப்பா கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் படம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? மாடியின் பரப்பு, பெய்யும் மழையின் அளவு, வீட்டின் அன்றாடத் தேவை, இரண்டு மழைகளுக்கு இடையே வறண்டு கிடக்கும் நாள்கள் ஆகியவைதான் இந்தக் கணக்குக்கு வேண்டியவை என்று முதலில் ஒருவர் கண்டுகொள்ள வேண்டும். கணிதம் கற்ற மனம் செய்யும் முதல் வேலை அதுவே. அதற்குப் பிறகு வரும் பெருக்கலை எந்தக் கருவியிடமும் ஒப்படைத்துவிடலாம். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு மீட்டரில் நூறில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.93 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 930 லிட்டர். ஒரு செயலி தசமப்புள்ளியை இடம் மாற்றி வைத்து 9,300 லிட்டர் என்று சொன்னால், பார்த்தவுடனே "இவ்வளவு வராதே" என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால், பத்து மடங்கு பெரிய தொட்டிக்குச் சிமென்டும் கம்பியும் வாங்கிய பிறகுதான் தவறு தெரியவரும்.

செயற்கை நுண்ணறிவு எதனால் ஆனது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். உங்கள் பாடநூலின் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள்: அணிகள் (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய கட்டங்கள்), வெக்டர்கள், வகையிடல் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று காண்பது), நிகழ்தகவு. நீங்கள் பேசிப் பழகும் மொழிச் செயலிகள் இந்த அத்தியாயங்களின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசையாக, அதாவது ஒரு வெக்டராக மாற்றப்படுகிறது. அந்த வரிசைகள் மிகப் பெரிய அணிகளால் திரும்பத் திரும்பப் பெருக்கப்படுகின்றன. பயிற்சியின்போது பிழை எந்தத் திசையில் குறையும் என்பதை வகையிடல் காட்டுகிறது. இறுதியில், அடுத்து எந்தச் சொல் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது நிகழ்தகவாகக் கணக்கிடப்படுகிறது. வரத்தக்க சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையாதலால், உண்மையைச் சொல்லும் அதே சரளத்தோடு தவறையும் அது சொல்லக்கூடும். கணக்கைத் தனிக் கருவியிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்கு அண்மைக்காலச் செயலிகள் முன்னேறியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் எந்த எண்ணை எதனோடு பெருக்குவது என்று தொடக்கத்திலேயே தவறாக முடிவுசெய்துவிட்டால், பெருக்கல் சரியாக இருந்து என்ன பயன்?

முக்கோணவியலைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அது நம் மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய பாடம். 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, வில்லியம் லாம்டன் பெரும் முக்கோணவியல் அளவைப் பணியைத் தொடங்கினார். ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் என்ற, நீங்கள் இப்போது படிக்கும் விதியைக் கொண்டே, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அந்த அளவை தெற்கே குமரிமுனை வரையிலும் வடக்கே இமயமலை வரையிலும் நீண்டது. காடும் ஆறும் குறுக்கிட்ட இடங்களிலெல்லாம் சங்கிலியை இழுத்துச் செல்லத் தேவையில்லாமல் போயிற்று. அந்த அளவைப் பணியில் கணக்கிடும் பிரிவில் இருந்த ராதாநாத் சிக்தார் போன்றோரின் உழைப்பால் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பட்டது. சிகரத்தில் மனிதர் கால் வைப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, நூறு மைலுக்கும் அப்பாலிருந்து பார்த்த கோணங்களிலிருந்து பெறப்பட்ட எண் அது. நவீனக் கருவிகளோடு அளந்து 2020இல் அறிவிக்கப்பட்ட 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு முப்பது அடி அளவே. எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும்போது சாலையின் இருபுறமும் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஏன் அங்கே நிற்கின்றன? காற்றிலிருந்து கிடைக்கக்கூடிய திறன், காற்றின் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 7 மீட்டராக உயர்ந்தால், வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. திறனோ ஏறத்தாழ 59 சதவீதம் கூடிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. மலைகளுக்கு நடுவே காற்று நெருக்கிக்கொண்டு பாயும் கணவாயைத் தேடிப் போய் முதலீடு செய்ததன் காரணம் இந்த ஒரு வாய்பாட்டில் அடங்கியிருக்கிறது. முப்படி என்பது எவ்வளவு விரைந்து வளரும் என்று நோட்டில் போட்டு, வரைபடம் வரைந்து, கையால் உணர்ந்தவருக்கு இது உடனே விளங்கும். திரையில் விடையை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு 59 என்பது வெறும் எண்ணாகவே இருந்துவிடும்.

கைபேசியை ஒதுக்கிவைக்கும்படி நான் சொல்லமாட்டேன். கணக்கை முதலில் நீங்கள் போடுங்கள். விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே ஓரத்தில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு செயலியின் செய்முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் வேறுபடும் இடத்தில் யார் சரி என்று தேடுவதில்தான் படிப்பு நடக்கிறது.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மற்றப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்குபவள், கணக்கில் மட்டும் தேர்ச்சி பெறுவதே பெரும்பாடாக இருக்கிறது. கணக்கு நோட்டைக் கண்டாலே அழுகிறாள். "பெண்பிள்ளைக்குக் கணக்கு வராவிட்டால் போகட்டும், நர்சிங் படிக்க வையுங்கள், அதற்குக் கணக்கு தேவையில்லை" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என் கணவர் எங்களுடைய ஓர் ஏக்கர் ரப்பரைத் தாமே வெட்டுகிறார். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் படிப்பில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: அம்மா, உறவினர்கள் அன்போடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அவர்கள் சொன்ன இரண்டுமே தவறு. பெண்களுக்குக் கணிதம் வராது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கணித உலகின் மிக உயர்ந்த சிறப்புகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானியும், 2022இல் உக்ரைனில் பிறந்த மரினா வியாசோவ்ஸ்காவும் பெற்றார்கள். நம் நாட்டில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த நீனா குப்தா, இளம் கணிதவியலாளர்களுக்கான 2021ஆம் ஆண்டு ராமானுஜன் பரிசைப் பெற்றார்.

செவிலியர் பணிக்குக் கணக்கு தேவையில்லை என்பது இதைவிட ஆபத்தான கருத்து. ஒரு குழந்தைக்கு 180 மில்லிகிராம் மருந்து கொடுக்கும்படி மருத்துவர் எழுதுகிறார். கையிலுள்ள சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருந்தால் 7.5 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். அதே பெயரில் வரும் வேறொரு குப்பியில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் இருந்தால் 3.6 மில்லிலிட்டர்தான் கொடுக்க வேண்டும். குப்பியைப் பார்க்காமல் பழைய அளவையே ஊற்றினால், குழந்தையின் உடலுக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து போய்விடும். 500 மில்லிலிட்டர் குளுக்கோஸ் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால், மொத்தம் 10,000 சொட்டுகள் 240 நிமிடங்களில் விழ வேண்டும்; நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. இரவுப் பணியில், கட்டிலின் அருகில் நின்றுகொண்டு, இந்த விகிதக் கணக்கைப் பதற்றமின்றிப் போடத் தெரிந்தவளே நல்ல செவிலி. நம் மாவட்டப் பெண்கள் பலர் வெளிநாடு சென்று பணிபுரிகிறார்கள். இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவுசெய்ய விரும்பும் வெளிநாட்டவர் எழுத வேண்டிய கணினித் தேர்வில் எண்கணிதத்துக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு.

இனி உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உண்மையில் தடுமாறுவது இயற்கணிதத்தில் இல்லை. ஆறாம் ஏழாம் வகுப்பில் சரியாகப் புரியாமல் கடந்துவந்த பின்னங்கள், குறை எண்கள், விகிதம் ஆகியவற்றில்தான். கீழே ஒரு படி உடைந்திருக்கும்போது மேற்படியில் ஏறச் சொல்லி அதட்டிப் பயனில்லை. அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, நாளொன்றுக்கு அரை மணி நேரம், எந்தக் கணக்கில் முதன்முதலாகத் தயங்குகிறாள் என்று பார்த்து அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். "இது சின்னப் பிள்ளைகள் புத்தகம்" என்று வீட்டில் ஒருவரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சதவீதம் படிக்க உங்கள் வீட்டைவிடச் சிறந்த இடம் இல்லை. ரப்பர் பாலை விற்கும்போது எடைக்கு மட்டும் பணம் தருவதில்லை; அதிலுள்ள உலர் ரப்பரின் அளவான டி.ஆர்.சி. சதவீதத்தைப் பார்த்துத்தான் தருகிறார்கள். 20 கிலோ பாலுக்கு டி.ஆர்.சி. 36 என்று போட்டால் உலர் ரப்பர் 7.2 கிலோ, 33 என்று போட்டால் 6.6 கிலோ. ஒரு கிலோ உலர் ரப்பரின் விலை 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்று புள்ளிகள் ஒரே நாளில் 108 ரூபாயாகின்றன. வெட்டு நடக்கும் நாள்கள் முழுவதற்கும் அதைப் பெருக்கிப் பார்க்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் மானி ஏன் தோராயமான அளவையே காட்டுகிறது, சிறிதளவு பாலை எடுத்து அமிலம் ஊற்றி உறையவைத்து உலர்த்தி எடை பார்க்கும் ஆய்வக முறை ஏன் நம்பகமானது என்பதை அவள் தன் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டும். மரத்திலும் கிண்ணத்திலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலின் கணக்கையும் சேர்த்து மாதாந்தர வரவை அவளே ஒரு நோட்டில் எழுதிவரட்டும். அப்பா அதிகாலையில் எழுந்து வெட்டிய பாலுக்குச் சரியான விலை கிடைத்ததா என்று அவளால் சொல்ல முடிந்த நாளில், கணக்கு நோட்டின் மீதான அச்சம் பெருமளவு விலகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு லட்சம் ரூபாய் கடன் தேவைப்படுகிறது. ஓரிடத்தில் 12 சதவீத ஃபிளாட் வட்டி என்கிறார்கள். வங்கியில் குறையும் இருப்புக்கு 15 சதவீதம் என்கிறார்கள். இரண்டுக்கும் ஓராண்டுத் தவணை. 12 சதவீதம்தானே லாபம்? பள்ளியில் படித்த கணிதம் இதற்கெல்லாம் உதவவில்லையே என்ற வருத்தத்தில் கேட்கிறேன்.
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: பள்ளியில் படித்த தனிவட்டியும் கூட்டுவட்டியும் இந்த இடத்துக்காகவே சொல்லித்தரப்பட்டவை. ஃபிளாட் வட்டி என்றால், நீங்கள் மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், முழு ஒரு லட்சத்துக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போடுவார்கள். வட்டி 12,000 ரூபாய்; மாதத் தவணை ஏறத்தாழ 9,333 ரூபாய். வங்கியின் முறையில், ஒவ்வொரு மாதமும் மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. 15 சதவீதமே ஆனாலும் மாதத் தவணை ஏறத்தாழ 9,026 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 8,310 ரூபாய். ஆக, சிறிய எண்ணாகத் தெரிந்த 12 சதவீதம் உங்களிடமிருந்து 3,690 ரூபாய் கூடுதலாக வாங்கிவிடுகிறது. அந்த ஃபிளாட் கடனை வங்கிக் கணக்கு முறைக்கு மாற்றிப் பார்த்தால் அதன் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். காரணம் எளிது: தவணை கட்டக் கட்ட, ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது கடன் தொகையில் பாதியைச் சற்று தாண்டிய அளவுதான், வட்டியோ முழுத் தொகைக்கும் போகிறது. நடைமுறைக் கட்டணம், காப்பீடு என்று இரு இடங்களிலும் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையும் கேட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் உடனடிக் கடன் தரும் செயலிகளை இளைஞர்கள் பலர் நாடுவதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 5,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, 1,000 ரூபாயைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு 4,000 ரூபாயைக் கையில் தந்து, ஏழு நாளில் 5,000 ரூபாயாகத் திருப்பிக் கேட்டால், அது வாரத்துக்கு 25 சதவீத வட்டி. ஆண்டுக்குத் தனிவட்டியாகப் பார்த்தாலே 1,300 சதவீதம். இந்த ஒரு பெருக்கலை முன்கூட்டியே போட்டுப் பார்த்த எவரும் அந்தப் பொத்தானை அழுத்தமாட்டார்.

கேள்வி: எங்கள் காலத்தில் வாய்ப்பாட்டோடு அரைக்கால், மாகாணி என்று பின்னங்களின் கீழ்வாய்க் கணக்கும் ஒப்புவித்தோம். நெல்லைக் கோட்டைக் கணக்கிலும் மரக்கால் கணக்கிலும் மனத்துக்குள்ளேயே போட்டுவிடுவோம். இன்றைய பிள்ளைகளும் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாமா?
– முதிய வாசகர், பூதப்பாண்டி

பதில்: பெருக்கல் வாய்ப்பாட்டை அவர்கள் கட்டாயம் மனப்பாடம் செய்ய வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கே நின்று யோசிக்கும் பிள்ளைக்கு, சமன்பாட்டின் போக்கைக் கவனிக்க மனத்தில் இடம் இருக்காது. பழைய அளவைகளை ஒப்புவிக்க வேண்டிய தேவை இன்று இல்லை. ஆனால் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொன்றையும் பாதியாக்கிக்கொண்டே பதினாறில் ஒன்று வரை இறங்கிவரும் அந்த ஒழுங்கைப் பேரப்பிள்ளைகளுக்கு நீங்களே கதையாகச் சொல்லுங்கள். பின்னத்தைக் கண்டு அஞ்சாத மனம் அதில் உருவாகும்.

கேள்வி: மருத்துவராக வேண்டும் என்பது என் கனவு. நீட் தேர்வில் கணிதம் இல்லை. ஆகவே பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட்டுத் தூய அறிவியல் பிரிவில் சேரலாம் என்றிருக்கிறேன். இது சரியா?
– மாணவி ஒருவர், தக்கலை

பதில்: நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டுமே உண்டு, உங்கள் கணிப்பில் பிழையில்லை. கணிதத்தின் சுமை உங்கள் தேர்வுத் தயாரிப்பைக் கெடுக்கும் என்று உண்மையாகவே தோன்றினால் தூய அறிவியல் பிரிவில் சேர்வதில் குற்றம் இல்லை. ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. மருத்துவ இடம் கிடைக்காமற்போனால் திரும்பிப் பார்க்க ஒரு வழி இருக்க வேண்டும் என்று எண்ணுபவர், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

எந்தப் பிரிவில் சேர்ந்தாலும், நிகழ்தகவையும் புள்ளியியலையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு நோய்க்கு, நூறில் 99 முறை சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை இருக்கிறது. எந்த அறிகுறியும் இல்லாத ஒருவருக்கு அந்தப் பரிசோதனையில் நோய் உண்டு என்று வந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? பலரும் 99 சதவீதம் என்றே சொல்வார்கள். ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொண்டு நிதானமாக எண்ணிப் பாருங்கள். நோய் உள்ளவர் 100 பேர்; அவர்களில் 99 பேரைப் பரிசோதனை கண்டுபிடிக்கும். நோய் இல்லாத 99,900 பேரில் நூறில் ஒருவருக்கு, அதாவது 999 பேருக்கு, நோய் உண்டு என்று தவறாகக் காட்டும். ஆக, நோய் உண்டு என்று சீட்டு வாங்கிய 1,098 பேரில் உண்மையான நோயாளிகள் 99 பேர். ஏறத்தாழ 9 சதவீதம். அறிகுறிகளோடு வந்த ஒருவருக்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். பரிசோதனை ஒன்றுதான், ஆனால் அதைச் செய்துகொள்பவர் யார் என்பதைப் பொறுத்து விடையின் பொருள் மாறுகிறது. நாளை உங்கள் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் மனிதருக்கு என்ன ஆறுதல் சொல்வது, அடுத்த பரிசோதனை எது என்று முடிவெடுக்க, இந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டும். மருத்துவப் படிப்பிலும் சமூக மருத்துவப் பாடத்தின்கீழ் உயிர்ப் புள்ளியியல் வரத்தான் செய்கிறது.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிறது. நானும் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஜி.பி.எஸ். கருவி வழி காட்டுகிறது. எனக்கும் கணிதத்துக்கும் இனி என்ன தொடர்பு?
– இளைஞர் ஒருவர், குளச்சல்

பதில்: தம்பி, உங்கள் தாத்தா காலத்தில் கரையில் தெரியும் மலையுச்சியையும் ஆலயக் கோபுரத்தையும் குறியாக வைத்து, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கடலடிப் பாறை இருக்கிறது என்று கண்டு மீன் பிடித்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள் செய்த வடிவியல் அது. உங்கள் கையிலுள்ள கருவியும் அதையே வானத்தை நோக்கிச் செய்கிறது. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. உங்கள் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களும், கருவியின் கடிகாரப் பிழையும் ஆக நான்கும் தெரியாதவை. ஆகவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்த்தீர்களே, அதன் விரிந்த வடிவமே இது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை ஏற்பட்டாலே, தூரத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் தவறிவிடும்.

கருவி எண்ணைக் காட்டும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். ஒரு பாகையின் (டிகிரியின்) அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை; அட்சரேகையில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். நீங்கள் 7 பாகை 40 கலையில் நிற்கிறீர்கள், துறைமுகம் நேர் வடக்கே 8 பாகை 10 கலையில் இருக்கிறது என்றால், தூரம் 30 கடல் மைல், ஏறத்தாழ 56 கிலோமீட்டர். தீர்க்கரேகையின் கலை நம் ஊர்ப் பக்கத்தில் ஏறக்குறைய அதே நீளம்தான். ஆனால் நம் மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் சென்று மீன்பிடிக்கும் குஜராத் கடலில், 20 பாகைக்கு அருகே, அது 6 சதவீதம் குறைந்துவிடும். பள்ளியில் படித்த கொசைன் தரும் குறைவு அது.

வானிலை எச்சரிக்கைப் படத்தையும் வாசிக்கத் தெரிய வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு அதன் தேவையை நம் கரையில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புயலின் பாதையைச் சுற்றி, போகப் போக அகன்றுகொண்டே செல்லும் கூம்பு வடிவம் புயலின் பருமனைக் காட்டவில்லை. புயலின் மையம் எங்கெங்கே இருக்கக்கூடும் என்ற நிச்சயமின்மை, நாள் தள்ளத் தள்ளப் பெருகுவதையே அது காட்டுகிறது. உங்கள் ஊர் கூம்பின் ஓரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது என்பதற்காகக் காற்றும் அலையும் அங்கே வராது என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் டீசல் கணக்கிலிருந்து தொடங்குங்கள். படகு மணிக்கு 8 கடல் மைல் போகும், மணிக்கு 10 லிட்டர் குடிக்கும் என்றால், அந்த 30 கடல் மைலுக்கு மூன்றே முக்கால் மணி நேரமும் 37.5 லிட்டரும் ஆகும். எதிரே மணிக்கு 2 கடல் மைல் நீரோட்டம் இருந்தால் படகு முன்னேறுவது 6 கடல் மைல்தான். கரை சேர ஐந்து மணி நேரமும் 50 லிட்டரும் வேண்டும். நீரோட்டம் கால்பங்கு வேகத்தைக் குறைத்தது, டீசல் செலவோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. உங்கள் படகின் உண்மையான எண்களை மூத்தவர்களிடம் கேட்டு இதே கணக்கை ஒரு நோட்டில் போடுங்கள். 1, 2, 3 கடல் மைல் நீரோட்டத்துக்குத் தனித்தனியாக ஓர் அட்டவணை எழுதி, அதைப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.